மேல தையல் அழகா இருக்கு, அடியில மட்டும் நூல் சிக்கு: மிஷினை என்ன பண்றது?

சிப்புட் தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டுல தாமான் வீட்டுல இருந்தே தைக்கிறவ நான். பிளவுஸ், பஞ்சாபி சூட், பையனுங்க சிலுவாருக்குக் கால் மடிக்கிறது, ஸ்கூல் பினஃபோர்ல ஓரம் இறக்கி விடுறது, இதுதான் நம்ம வேலை. தொழில் கத்துக்கிட்டது தோட்டத்து லயத்துல, அம்மாவோட மிதி மிஷின்ல. அந்தக் கருப்பு மிஷின் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு, என் முழங்கால்தான் கெட்டியா இல்ல. அதனால அக்கா ஜொகூருக்கு மாறிப் போறப்ப விட்டுட்டுப் போன கரண்டு மிஷின்லதான் இப்ப ஓட்டுறேன். அடி நூல் சுத்தி வைக்கிற பாபினை மேல இருந்து போட்டு, கண்ணாடி மாதிரி மூடியால மூடுற வகை.

விஷயம் என்னன்னா, மேலப் பார்த்தா தையல் நேரா, ஒழுங்கா இருக்கு. துணியைத் திருப்பினா அடியில நூல் இடியப்பம் பிழிஞ்ச மாதிரி கிடக்கு. கொஞ்ச தூரம் ஓடினதும் 'டொக்'குனு ஒரு சத்தம், மிஷின் நின்னுடுது. துணியை எடுக்கலாம்னா வராது, தகட்டோட ஒட்டிக்கிட்டு நிக்கும். கத்திரிக்கோலை உள்ள விட்டு அறுத்துத்தான் எடுக்கணும். நேத்து ஒருத்தங்க குடுத்த சாட்டின் துணியில ஓட்டை விழாம தப்பிச்சது அவங்க செஞ்ச புண்ணியம்.

சிக்கு அடியிலதானே இருக்கு, கோளாறும் அங்கதான் இருக்கும்னு பாபினை மாத்திப் பார்த்தாச்சு. ஊசியும் புதுசு. மேல் நூலோட இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற டென்ஷன் டயல் 4ல நிக்குது. டவுன்ல நூல் வாங்குற இடத்துல கேட்டா, பாபின் உக்கார்ற கூட்டையே மாத்தணும்ங்கிறாங்க. பக்கத்து வீட்டு அங்கிள் மோட்டார் போச்சுங்கிறார். அவர் வீட்டு மிக்ஸி கெட்டப்பவும் அதையேதான் சொன்னார்.

தீபாவளி பிளவுஸ் துணி மேசையில குவிஞ்சு கிடக்கு. மிஷினை ஈப்போவுக்குத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்தா எப்பத் திரும்பி வரும்னு யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. அதுக்கு முன்னால வீட்டுலேயே நான் ஏதாச்சும் பார்க்கலாமா? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கூலிம் அம்மா:

பாபின் கூட்டு பக்கவாட்டுல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும்மா. சின்னத் திருப்புளியால அதை நல்லா இறுக்கி விடுங்க. என் மிஷின்ல அடி நூல் லூசா வந்தப்ப அப்படித்தான் சரி பண்ணேன்.


அந்தக்கால டைலர், தெலுக் இந்தான்:

தங்கச்சி, தயவுசெஞ்சு அந்த ஸ்க்ரூ மேல கை வைக்காதீங்க. கூலிம் அம்மாவுக்கு வந்தது வேற கோளாறு, உங்களுக்கு வந்திருக்கிறது வேற. அடி நூல் லூசா இருந்தா சுருள் துணிக்கு மேல் பக்கம் தெரியும். உங்களுக்கு மேல சுத்தமா இருக்கு, குப்பை எல்லாம் கீழ. அப்படீன்னா தப்பு பண்றது மேல் நூல். கடையில வேலை பார்த்த காலத்துல புதுசா வர்ற பையன்களுக்கு நான் முதல்ல சொல்லித் தர்றதே இதுதான்: சிக்கைக் கீழப் பார்த்தா கையை மேலக் கொண்டு போ.

ஏன்னு சொல்றேன். ஊசி நூலைக் கீழ கொண்டு போகுது. கீழ சுத்துற கொக்கி அந்த நூலைப் பிடிச்சு அகலமா விரிச்சு, பாபினையே முழுசா ஒரு சுத்து சுத்தி வர வைக்குது. ஒரு தையல் விழறதுக்கு அவ்வளவு நீளம் நூல் கீழ இறங்கித்தான் ஆகணும். தையலுக்குத் தேவை அதுல கொஞ்சூண்டுதான். மேல முகப்புல ஏறி இறங்குற ஒரு கம்பி இருக்கே, 'நூல் தூக்கி'னு பேரு, மிச்சத்தை எல்லாம் அது திரும்ப மேல இழுத்துக்கும். அது இழுக்கிற நேரத்துல பின்பக்கம் நூலை யாராவது இறுக்கிப் பிடிச்சிருக்கணும். அந்த வேலையைப் பார்க்கிறதுதான் நூலை நடுவுல வச்சு அமுக்குற ரெண்டு டென்ஷன் தட்டு. தட்டு பிடிக்கலைன்னா, தூக்கி கீழ கிடக்கிற நூலை இழுக்காது, சுலபமா வருதேன்னு நூல் கண்டுல இருந்து புது நூலை இழுக்கும். கீழ போனது கீழயே கிடக்கும். தையலுக்குத் தையல் அது சேர்ந்து, கொக்கியில சுத்திக்கிட்டு, நீங்க சொன்ன அந்த 'டொக்'.

இப்ப ரெண்டு சோதனை பண்ணுங்க. மேல நீல நூல், கீழ வெள்ளை நூல் போட்டு, வீணாப் போன பாப்ளின் துண்டை ரெண்டா மடிச்சுத் தைங்க. கீழ சுருண்டு கிடக்கிறது எந்தக் கலர்னு பாருங்க.

அடுத்தது, மிஷினை அணைச்சுட்டு, துணியை அமுக்குற பாதத்தை மேல தூக்கி விட்டுட்டு, ஊசிக்குப் பக்கத்துல நூலைப் பிடிச்சு இழுங்க. லேசா வரணும். பாதத்தை இறக்கிட்டு அதே மாதிரி இழுங்க. இப்பக் கையில பிடிமானம் தெரியணும், ஊசி லேசா வளையுற அளவுக்கு. ரெண்டுலயும் ஒரே மாதிரி வழவழன்னு வந்தா நூல் தட்டுக்கு நடுவுல இல்லைன்னு அர்த்தம். பாதம் தூக்கி இருக்கும்போதுதான் தட்டு ரெண்டும் விரிஞ்சு வழி விடும். பாதத்தை இறக்கி வச்சுக்கிட்டு நூல் கோத்தா மூடின தட்டுக்கு மேலயே நூல் போயிடும், உள்ள இறங்காது. கோக்கிறப்ப பாதம் எப்பவும் மேல இருக்கணும்.

அந்த நூல் தூக்கியோட கண்ணுலயும் நூல் ஏறியிருக்கானு ஒரு பார்வை பாருங்க. அது நழுவினாலும் இதே கூத்துதான்.


சிப்புட் தையல்காரி:

ரொம்ப நன்றிண்ணே. பசியாறிட்டு உடனே உக்காந்துட்டேன்.

கீழ சுருண்டு கிடந்தது முழுக்க நீலம். வெள்ளை நூல் ஒரே கோடா, இழுத்துக் கட்டின கம்பி போலப் படுத்திருக்கு. நீங்க சொன்னது சரி, மேல் நூல்தான்.

பாதத்தைத் தூக்கிட்டுத்தான் நான் எப்பவும் கோக்கிறது. அம்மா அடிச்சுச் சொல்லிக் கொடுத்தது அது. ஆனாலும் ஒரு தடவை எல்லாத்தையும் பிரிச்சுட்டுத் திரும்பக் கோத்தேன். நூல் தூக்கிக் கண்ணுலயும் ஏறியிருக்கு. ரெண்டாவது சோதனையிலதான் விஷயம் இருக்கு. பாதம் மேல இருந்தா லேசா வருது, சரி. இறக்கினா கொஞ்சமே கொஞ்சம் பிடிக்குது, சில நேரம் அதுவும் இல்ல. டயலை 4ல இருந்து 7க்குத் திருப்பினாலும் பெரிசா ஒண்ணும் மாறலை. தட்டு எங்க இருக்குனே இதுல தெரியலண்ணே. கருப்பு மிஷின்ல வெளியவே வட்டமா ரெண்டு தகடும் ஸ்ப்ரிங்கும் தெரியும். இதுல எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கு.


ரிப்பேர் தம்பி, கிள்ளான்:

அக்கா, டயல் திருப்பியும் மாறலைன்னு சொன்னீங்க பாருங்க, பதில் அதுலயே இருக்கு. தட்டுக்கு நடுவுல ஏதோ உக்காந்துக்கிட்டு ரெண்டையும் சேர விடாம வச்சிருக்கு. பெரும்பாலும் அறுந்த நூல் துண்டு, இல்லன்னா பஞ்சு. ரொம்ப நாள் சும்மா கிடந்த மிஷினா இருந்தா இன்னும் அதிகம். நம்ம ஊரு ஈரக் காத்துக்குப் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து மெத்தை மாதிரி ஆயிடும். ஊசித் தகட்டைக் கழட்டினா துணியை நகர்த்துற பல்லுக்கு நடுவுல பல்லி முட்டை இருந்த மிஷின்கூட என்கிட்ட வந்திருக்கு.

மூடியைக் கழட்ட வேணாம். முகப்புல நூல் கீழ இறங்குற நீளப் பிளவு இருக்குல்ல, அதுல வலது பக்கப் பிளவுக்குள்ளதான் தட்டு இருக்கும். கைப்பேசி லைட்டை அடிச்சுப் பாருங்க, பளபளன்னு தெரியும். பிளக்கைப் புடுங்கிடுங்க. பாதத்தைத் தூக்குங்க, டயலை 0க்குக் கொண்டு வாங்க, அப்பத் தட்டு நல்லா விரிஞ்சு நிக்கும். எம்பிராய்டரி போடுற தடி நூல் இருந்தா ஒரு முழம் எடுத்து, நடுவுல ரெண்டு மூணு முடிச்சுப் போட்டு, நூல் போற வழியிலயே மேல இருந்து கீழ இழுங்க. அப்புறம் பாப்ளின் துண்டோட மடிச்ச ஓரத்தை உள்ள விட்டு முன்னும் பின்னும் தேய்ங்க. ஊசி, திருப்புளி, கத்தி முனை எதையும் உள்ள விட்டுக் குத்தக் கூடாது. தட்டுல கீறல் விழுந்துட்டா ஒவ்வொரு தடவையும் நூல் அங்க மாட்டும், அதுக்கப்புறம் தட்டையே மாத்துறதுதான். வாயால ஊதவும் வேணாம், ஈரம் உள்ள போகும்.

இன்னொண்ணு. கலர் மாத்துறப்ப நூலைக் கண்டுப் பக்கமா வெடுக்குனு இழுத்து உருவுறாங்க நிறைய பேர். அப்படி உருவினா நூல்ல இருக்கிற பிசிறெல்லாம் தட்டுலயே தங்கும். கண்டுகிட்ட நூலை வெட்டிட்டு, ஊசிப் பக்கமா இழுத்து எடுங்க. ஒரு சாண் நூல் வீணாப் போகும், போனாப் போகுது.

நூல் என்ன மாதிரி போடுறீங்க? சின்னக் கண்டா, பெரிய கோனா?


சிப்புட் தையல்காரி:

கோன்தான் தம்பி. கண்டு வாங்கிக் கட்டுப்படி ஆகல. மிஷின் மேல படுத்திருக்கிற கம்பியில கோன் நிக்காது, அதனால அதுலயே சாய்ச்சுச் செருகி ரப்பர் போட்டிருக்கேன்.

சொன்ன மாதிரி பண்ணேன். மொதல் இழுப்புல ஒண்ணும் வரலை. முடிச்சைப் பெரிசாப் போட்டு இழுத்ததும் ரத்தச் சிவப்புல ஒரு நூல் துண்டு, அதோட ஒட்டிக்கிட்டு சாம்பல் கலர்ல பஞ்சு உருண்டை. நான் இந்த மிஷின்ல சிவப்பே தைச்சதில்ல! அக்கா கல்யாணப் பிளவுஸ் தைச்சப்ப மாட்டினதா இருக்கும். அவளுக்குப் போட்டோ அனுப்பினேன், சிரிக்கிற பொம்மை ஒண்ணு மட்டும் பதிலா வந்துச்சு.

இப்பப் பாதத்தை இறக்கி இழுத்தா நல்லாப் பிடிக்குது. டயல் 4லயே பாப்ளின் தைச்சேன், அடியில நீலம் ஒரு புள்ளிகூடத் தெரியலை. பினஃபோர் துணி கனமா இருந்தும் நாலு மடிப்பு மேல ஏறி இறங்குது. ஆனா சாட்டின் இன்னும் படுத்துது. நடுவுல ஒண்ணும் இல்ல, ஆரம்பிக்கிற இடத்துல மட்டும் துணியை ஓட்டைக்குள்ள இழுத்து ஒரு சின்னச் சிக்கு போடுது. கொஞ்ச தூரம் தைச்சா விட்டு விட்டு நூலும் இறுகுது.


ரிப்பேர் தம்பி, கிள்ளான்:

விட்டு விட்டு இறுகுறதுக்குக் கோன்தான் காரணம் அக்கா. கோன்ல நூல் குறுக்கும் நெடுக்குமாச் சுத்தியிருக்கும், அது உச்சியில இருந்து நேரா மேல கழண்டு வர்றதுக்குன்னு செஞ்சது. படுக்க வச்சுச் செருகினா கோனே உருளணும், அந்தக் கனத்தை நூல் இழுக்கணும். மிஷினுக்குப் பின்னால தரையில இல்ல மேசையில ஒரு குவளைக்குள்ள கோனை நிமிர்த்தி வைங்க. துணி மாட்டுற கம்பியை வளைச்சு அதுக்கு நேர் மேல ஒரு வளையம் நிக்கிற மாதிரி கட்டிடுங்க. நூல் கோன்ல இருந்து நேரா மேல ஏறி, அந்த வளையம் வழியா மிஷின் மேல நூல் மாட்டுற முதல் கொக்கிக்கு வரட்டும். ஸ்டாண்டு கடையிலயும் கிடைக்கும், ஆனா கம்பி போதும்.


நிபோங் திபால் அக்கா:

சாட்டின் கதையை என்கிட்ட விடுங்க, நான் தைக்கிறதுல பாதி அதுதான்.

வீட்டு மிஷின்ல ஊசி இடமும் வலமும் போற ஜிக்ஜாக் தையல் போடணும்னு ஊசித் தகட்டு ஓட்டையை அகலமா வச்சிருப்பாங்க. மெல்லிசுத் துணிக்கு அங்க பிடிமானம் கிடையாது, ஊசி குத்தினதும் ஓரம் உள்ள போயிடும். அதனால விளிம்புலயே ஆரம்பிக்காதீங்க, ஒரு விரல் கனம் தள்ளி ஆரம்பிச்சு, ரெண்டு தையல் பின்னால வந்துட்டு அப்புறம் முன்னால போங்க. ஊசியை இடது ஓரத்துக்கு நகர்த்த முடியும்னா நகர்த்திடுங்க, அந்தப் பக்கத் தகடு துணியைத் தாங்கும். கைச் சக்கரத்தை உங்க பக்கமாச் சுத்தி ஊசியைத் துணியில இறக்கிட்டு, மேல் நூல் கீழ் நூல் ரெண்டோட வாலையும் பின்னால இழுத்துப் பிடிச்சுக்கிட்டே முதல் தையல்களைப் போடுங்க. அப்பவும் அடங்கலைன்னா அடியில மெல்லிசு டிஷ்யூ காகிதம் வச்சு சேர்த்துத் தைச்சு, அப்புறம் கிழிச்சு எடுத்துடலாம். தமிழ்ப் பேப்பர் வைக்காதீங்க, மை ஒட்டும். வெளிர் கலர் சாட்டின்ல தலைப்புச் செய்தி ஏறினா வாடிக்கைக்காரவங்ககிட்ட என்ன பதில் சொல்றது?

ஊசி எத்தனாம் நம்பர்? சாட்டினுக்கு 11 போடுங்க, 9கூடப் போடலாம். 14 எல்லாம் பாப்ளினுக்கும் பினஃபோருக்கும். டீ ஷர்ட்டு மாதிரி இழுபடுற துணின்னா நம்பர் மட்டும் பத்தாது, முனை உருண்டையா இருக்கிற ஊசி தனியா இருக்கு, அதைக் கேட்டு வாங்கணும். இல்லன்னா தையல் விட்டு விட்டு விழும்.


சிப்புட் தையல்காரி:

14தான் போட்டிருந்தேன் அக்கா, அதுதான் கையில இருந்துச்சு. 11 வாங்கியாச்சு. ஊசியோட தட்டையான பக்கம் பின்னால பார்த்துத்தானே இருக்கணும் இந்த மிஷின்ல? கருப்பு மிஷின்ல பக்கவாட்டுல கோத்துக் கோத்து அடிக்கடி கை தானா அப்படிப் போகுது.


அந்தக்கால டைலர், தெலுக் இந்தான்:

ஆமா, முன்னால இருந்து பின்னால கோக்கிற மிஷின்ல தட்டை பின்னாலதான். சந்தேகமா இருந்தா ஊசியை நகத்தால தடவிப் பாருங்க. ஒரு பக்கம் நீளமாப் பள்ளம் ஓடும், நூல் நுழையுறது அந்தப் பக்கத்துல இருந்து. கண்ணுக்கு மேல குழிஞ்சிருக்கிற மறு பக்கம் கொக்கியைப் பார்த்து இருக்கணும். ஊசியை முழுசா மேல இடிக்கிற வரைக்கும் தள்ளிட்டு ஸ்க்ரூவை முறுக்குங்க. கொஞ்சம் கீழ இறங்கி நின்னாலும் கொக்கிக்கு நூல் சிக்காது.

சிவப்பு நூல் வந்ததுல சந்தோஷம். ஆனா இவ்வளவு நாள் சிக்கின மிஷின், உள்ள ஒரு தடவை பார்த்துடுங்க. ஊசித் தகட்டைக் கழட்டி, பாபின் உக்கார்ற அந்தக் கருப்புப் பிளாஸ்டிக் கூட்டை வெளிய எடுங்க. ஊசி இடிச்சிருந்தா அதுல சின்னச் சின்னப் பொத்தலோ கீறலோ இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பஞ்சை ஓரம் பூரா தடவினா பிசிறு மாட்டிக் காட்டிக் கொடுத்துடும். கீறல் லேசா இருந்தா மிருதுவான உப்புத்தாளால தேய்க்கலாம், ஆழமா இருந்தா கூடு மாத்துறதுதான். கடைக்காரர் சொன்னது அந்த அளவுக்கு மட்டும் நியாயம். திரும்ப வைக்கிறப்பக் கூட்டுல இருக்கிற நீட்டல் தடுப்புக்குப் பக்கத்துல சரியா உக்காரணும். சில மிஷின்ல முக்கோண அடையாளமோ வெள்ளைப் புள்ளியோ போட்டிருப்பாங்க, ரெண்டையும் நேருக்கு நேர் வைங்க.

இனிமே சிக்கினா துணியை இழுக்காதீங்க. பாதத்தைத் தூக்கி, ஊசியை மேல கொண்டு வந்து, துணிக்கும் தகட்டுக்கும் நடுவுல வெட்டிட்டு, மிச்சத்தைத் தகட்டைக் கழட்டி இடுக்கியால எடுங்க. இழுத்தா ஊசி வளையும், வளைஞ்ச ஊசி கூட்டுல இடிக்கும், அங்கதான் செலவு ஆரம்பம்.

எண்ணெய் விடுறதா இருந்தா கடையில விக்கிற வெள்ளை மிஷின் எண்ணெய் மட்டும், அதுவும் புத்தகத்துல காட்டியிருக்கிற இடத்துல மட்டும். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் நாளாக நாளாகப் பிசின் ஆயிடும். லயத்துல தேங்காய் எண்ணெய் விட்டு இறுகிப்போன மிஷினை மண்ணெண்ணெய்ல ஊற வச்சுப் பிரிச்சிருக்கோம்.


கூலிம் அம்மா:

நான் இறுக்கின ஸ்க்ரூவை இப்பத் திரும்ப லூசு பண்ணனுமா டைலர் அண்ணே?


அந்தக்கால டைலர், தெலுக் இந்தான்:

உங்களுக்குத் தையல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தா விட்டுடுங்கம்மா. உங்களது தனியாக் கழண்டு வர்ற இரும்புப் பாபின் கேஸா இருந்தா, பாபினோட அதை நூல்ல பிடிச்சுத் தொங்க விடுங்க. தானா வழுக்கி இறங்கக் கூடாது. கையை லேசா ஒரு உதறு உதறினா ரெண்டு அங்குலம் போல இறங்கி நிக்கணும். அசையவே இல்லைன்னா இறுக்கம் அதிகம், கால் சுத்துக்கும் குறைவாத் திருப்பித் திருப்பிப் பாருங்க. திருப்புறதுக்கு முன்னால ஸ்க்ரூவோட வெட்டு எந்தப் பக்கம் பார்த்து இருக்குனு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அந்தக் காலத்துல நாங்க சுவத்துல கரியால கோடு போட்டு வச்சுக்குவோம்.


சிப்புட் தையல்காரி:

அண்ணே, கூட்டுல பஞ்சு எங்கயும் மாட்டலை, தப்பிச்சேன். கோன் இப்ப மைலோ குவளைக்குள்ள, மேல துணிக் கம்பி. பார்க்கச் சகிக்கலை, ஆனா நூல் இறுகவே இல்ல. 11ஆம் நம்பர் ஊசி, வாலைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பம், சாட்டின் கை வரைக்கும் தைச்சு முடிச்சாச்சு. காகிதம் தேவைப்படலை.

கடைசியா ஒண்ணு. பாசார் மாலாம்ல பொட்டலமா பிளாஸ்டிக் பாபின் விக்கிறான், மலிவா இருக்கு. வாங்கலாமா?


ரிப்பேர் தம்பி, கிள்ளான்:

உங்க பாபின் ஒண்ணைக் கையில கொண்டு போங்க அக்கா. ரெண்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, மேல ஒரு அட்டையைப் படுக்க வச்சுப் பாருங்க. உயரம் துளி வித்தியாசம்னாலும் அட்டை ஆடும். ஆடினா வாங்காதீங்க, கூட்டுக்குள்ள தத்தும். உயரம் ஒத்துப் போச்சுன்னா ஓரத்துல பிசிர் இல்லாததாப் பொறுக்கி எடுங்க. பழைய நூல் மிச்சம் இருக்கிற பாபின் மேல புது நூல் சுத்தாதீங்க, முழுசாக் காலி பண்ணிட்டுச் சுத்துங்க. மிஷினுக்குள்ள போடுறப்ப நூல் வால் ஆங்கில P எழுத்து மாதிரி இடது பக்கமாத் தொங்கணும், இழுத்தா பாபின் கடிகார முள்ளுக்கு எதிர்ப் பக்கமாச் சுத்தணும். மூடிக்குள்ள அம்புக்குறி இருந்தா அதைப் பார்த்துக்கோங்க.


சிப்புட் தையல்காரி:

புதன்கிழமை சந்தைக்கு அட்டையோட போறேன் தம்பி. பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட மோட்டார் நல்லா இருக்குனு சொன்னேன். அப்படீன்னா வயரா இருக்கும்ங்கிறார்.